மணியின் நாவு இளகும்வரை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் 20ஆம் தேதி மாலை, வட இங்கிலாந்தில் ஒரு மேய்ச்சல் நிலத்தின் ஓரமாகப் பதினேழு பேர் வட்டமாக நின்றோம். வசந்தத்தை வரவேற்க வந்திருந்தோம். ஆளுக்கு எட்டுப் பக்கத் தாள் கையில் இருந்தது. கிழக்கே காற்றை அழைக்க ஒரு பத்தி, தெற்கே நெருப்பை அழைக்க ஒரு பத்தி, மேற்கே நீருக்கு, வடக்கே நிலத்துக்கு, பிறகு தேவிக்கு ஒரு துதி, இளங்கதிரவனுக்கு ஒரு துதி. முறை வைத்து வாசித்தோம். காற்று தாள்களைப் பிடுங்கியது. மெழுகுவத்தியை ஏற்றியதுமே அணைந்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடி அணைந்தது. நாற்பது நிமிடம் கழித்து, “நம் நடுவே மகிழ்ச்சி மலர்ந்துவிட்டது” என்ற வரி என் பங்குக்கு வந்தது. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். எதிரே இருந்த பதினாறு முகங்களிலும் குளிரைத் தவிர வேறொன்றும் இல்லை.

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “வசந்தம் எப்போது வரும்?” என்று கேட்டாள்.

“வந்துவிட்டதே, இப்போதுதானே வரவேற்றோம்” என்றார் தாய்.

“நான் பார்க்கவில்லையே.”

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு சொற்கள் என்னுடன் வந்தன. அடுத்த ஆண்டுச் சடங்கை யார் அமைப்பது என்ற பேச்சு எழுந்தபோது நானே கையை உயர்த்தினேன். அந்தப் பிள்ளை பார்க்கும்படியாக ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது என்னிடம் வேறு திட்டம் இல்லை.

நாங்கள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேகன் சமயத்தைப் பின்பற்றும் சிறு குழு. பேகன் என்று தமிழில் எழுதும்போதெல்லாம் மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார். இரண்டு சொற்களுக்கும் உறவு ஏதும் இல்லை. இது ‘பகானுஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நாட்டுப்புறத்தார் என்பது அதன் பொருள்களில் ஒன்று. ஆனாலும், மயிலுக்கும் குளிரும் என்று பதறிய அந்த மனத்தை எங்கள் குழுவில் யாரிடம் விவரித்தாலும் உடனே புரிந்துகொள்கிறார்கள். மரமும் ஆறும் பருவமும் தங்களுக்கு உறவு என்று எண்ணுகிறவர்கள் அவர்கள். ஒரே மறைநூலோ ஒரே தலைமையோ கிடையாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 74,000 பேர் தங்கள் சமயத்தைப் பேகன் என்று எழுதினார்கள். இந்தச் சமயத்தின் கிளைகளான விக்கா, ட்ரூயிட் என்று தனிப் பெயர் எழுதியவர்கள் வேறு.

இந்தச் சமயத்தார் பலர் ஆண்டை ஒரு சக்கரமாகப் பார்த்து எட்டு விழாக்களாகப் பகுத்திருக்கிறார்கள். வசந்தத்தின் வாசல் அதில் மூன்று இடங்களில் இருக்கிறது. பிப்ரவரி முதல் நாள் இம்போல்க். அயர்லாந்தில் அது பிரிஜிட் என்ற பெண் புனிதரின் நாள், 2023 முதல் அங்கே அதற்கு அரசு விடுமுறையும் உண்டு. மார்ச் 20 அல்லது அதை ஒட்டிவரும் சம இரவு நாள் ஒஸ்தாரா. மே முதல் நாள் பெல்டேன். இந்த எட்டும் ஒரே கோவையாக ஆனது 1950களில்தான். ஜெரால்டு கார்ட்னரின் விக்கா வட்டமும் ட்ரூயிட் நெறியைச் சேர்ந்த ராஸ் நிக்கல்ஸும் அதற்கு உருக்கொடுத்தார்கள். ஒஸ்தாரா என்ற பெயரை மார்ச் விழாவுக்கு வழங்கியவர் அமெரிக்கரான எய்டன் கெல்லி, ஆண்டு 1974.

இந்த ஆண்டுகளை நான் சொன்னபோது எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரின் முகம் வாடியது. ஈயோஸ்ட்ரே என்ற தேவி குளிரில் விறைத்துக் கிடந்த பறவை ஒன்றை முயலாக மாற்றினாள், அந்த முயல் நன்றியோடு முட்டை இட்டது என்ற கதையை அவர் முப்பது ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறார். அந்தக் கதை 19ஆம் நூற்றாண்டில் உருவானது. ஈயோஸ்ட்ரேயைப் பற்றிய பழைய எழுத்துச் சான்று என்று நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: கி.பி. 725இல் பீடு என்ற ஆங்கிலேயத் துறவி, முன்னோர்கள் ஒரு மாதத்துக்கு இந்தத் தேவியின் பெயரை வைத்து விழா எடுத்தார்கள் என்று எழுதிய சில வரிகள். முயல் இல்லை, முட்டை இல்லை. 1835இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் அந்த வரிகளைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மானியரிடமும் ஒஸ்தாரா என்றொரு தேவி இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1958இல் ஜெர்மனியில் ஆஸ்திரியாஹேனே என்ற தாய்த்தெய்வங்களின் பெயர் பொறித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ரோமானியர் காலக் கல்வெட்டுகள் கிடைத்தன. அந்தப் பெயர் ஈயோஸ்ட்ரேயோடு ஒலியில் நெருங்கி வருகிறது. பீடு கற்பனையாக எழுதிவிட்டார் என்று சொன்னவர்களின் குரல் அதன்பின் சற்றே தணிந்தது.

முதியவரிடம் நான் சொன்னது இதுதான்: கதையைக் கைவிட வேண்டாம். “மிகப் பழைய கதை” என்று தொடங்காமல் “எங்கள் கதை” என்று தொடங்குங்கள். புதியது என்பது சடங்குக்குக் குறை ஆகாது. எடின்பரோவில் கால்டன் குன்றின்மீது ஆண்டுதோறும் ஏப்ரல் 30 இரவு தீப்பந்தங்களோடு மே அரசியும் பசுமை மனிதனும் ஊர்வலம் போகிறார்களே, அந்த பெல்டேன் நெருப்பு விழா 1988இல் தொடங்கியது. இன்று அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். முரசு ஒலி நெஞ்சுக்கூட்டில் வந்து அறையும்போது எத்தனை ஆண்டுப் பழமை என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. பொய்யான தொன்மையின்மேல் கட்டிய சடங்கோ, யாராவது ஒருவர் உண்மையைச் சொன்னதும் சரிந்துவிடும். உண்மையின்மேல் கட்டுவதுதான் பாதுகாப்பு.

பிறகு நான் தேடியது ஒரே கேள்விக்கான விடை: மனிதர்கள் கூடிச் செய்யும் சடங்கில் மகிழ்ச்சி எந்த இடத்தில் பிறக்கிறது?

பண்டைய ரோமில் ஃப்ளோரா தேவிக்கு ஏப்ரல் 28 முதல் மே 3 வரை எடுத்த விழாவைப் பற்றி ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதியிருக்கிறார். அந்நாளில் மக்கள் வெள்ளை அங்கியை விட்டுப் பலவண்ண உடை உடுத்தினார்கள். திடலில் முயல்களையும் ஆடுகளையும் அவிழ்த்துவிட்டார்கள். கூட்டத்தின்மேல் அவரையும் பயறும் வாரி இறைத்தார்கள். மேலே விதை மழை பொழிய, காலடியில் முயல் ஓடினால் யாரால் விறைப்பாக நிற்க முடியும்? ‘பண்டைய சமயம்’ என்றதும் நீண்ட அங்கியும் தாழ்ந்த குரலுமாகவே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அவர்கள் அப்படி மட்டும் இருக்கவில்லை.

ஆனால் எனக்கு வழி காட்டியது ரோம் அல்ல, ஐரோப்பாவின் குளிர் மிகுந்த ஊர்கள். போலந்தில் மர்ஸானா என்ற வைக்கோல் பாவையைச் செய்து, தெருவழியே தூக்கிப்போய், தீ வைத்து ஆற்றில் விடுகிறார்கள். அவள் குளிர்காலம். விட்டுவிட்டுத் திரும்பும்போது பின்னால் பார்க்கக் கூடாது. லித்துவேனியாவில் மொரே என்ற பாவை எரிகிறாள். கொழுத்த பன்றிக்கொழுப்பனும் மெலிந்த சணலனும் சண்டை போட, சணலன் வெல்கிறான். சூரிச் நகரில் ஏப்ரல் மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், மாலை ஆறு மணிக்கு, ‘பூக்’ என்ற பனிமனிதப் பொம்மையை விறகு அடுக்கின் உச்சியில் வைத்துக் கொளுத்துகிறார்கள். தலைக்குள் வெடி இருக்கிறது. தலை சீக்கிரம் வெடித்தால் நல்ல கோடை என்று நம்பிக்கை. 2023இல் வெடிக்க 57 நிமிடம் ஆயிற்று, அதுவரை அத்தனை நேரம் ஆனதே இல்லை. ஒரு நகரமே ஒரு பொம்மையின் தலையைப் பார்த்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது.

இவற்றை எல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தபோது எங்கள் எட்டுப் பக்கத் தாளில் என்ன இல்லை என்று தெரிந்தது. அதில் குளிர்காலம் இல்லை. நாங்கள் நேரே வசந்தத்துக்குப் போய்விட்டிருந்தோம். நான்கு மாத இருட்டு, மாலை நான்கு மணிக்கே கவிந்துவிடும் இரவு, யாரையும் பார்க்காமல் கழிந்த வாரங்கள் எல்லாம் எங்கள் தோளில் அப்படியே இருந்தன. அவற்றைச் சுமந்தபடி ‘மலர்ந்துவிட்டது’ என்று வாசித்தோம். சுமையை இறக்கிவைக்காத உடம்பு எப்படித் துள்ளும்? குளிருக்கு முறையாக விடைகொடுத்தால்தான் வசந்தத்துக்கு உள்ளே இடம் கிடைக்கும். சடங்கின் பாதி நேரம் குளிர்காலத்துக்கு உரியது என்று அன்று முடிவு செய்தேன்.

சூரிச்சின் பொம்மை எனக்கு இன்னொன்றையும் கற்றுத்தந்தது. எந்தக் கணம் என்று யாருக்கும் தெரியக் கூடாது. தாளில் அச்சிட்ட மகிழ்ச்சி வராது. காத்திருந்து, பொறுமை இழந்து, நினைக்காத நொடியில் வந்தால்தான் அது மகிழ்ச்சி.

நாங்கள் நெருப்பு மூட்ட முடியாது. நில உரிமையாளர் கூடிக்கொள்ள அனுமதி தந்தார், தீக்குத் தரவில்லை. அவர் தராதது நல்லதுதான். மார்ச் மாதத்தில் குவித்துவைத்த சுள்ளிக்குள் முள்ளெலி உறங்கிக்கொண்டிருக்கலாம், வேலிப் புதர்களில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கியிருக்கும். இயற்கையைப் போற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அதன் வீட்டைக் கொளுத்துவது எனக்கு ஒப்பவில்லை. அப்படியானால் குளிர்காலத்தை எதில் செய்வது? சமையலறையில் உறைபெட்டியைத் திறந்து நின்றுகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. பனிக்கட்டியே குளிர்காலம். அதைக் கொளுத்த வேண்டாம். கையில் பிடித்தால் போதும்.

முட்டை வடிவ அச்சு ஒன்றில் நீர் ஊற்றி, நடுவில் ஒரு சின்னப் பித்தளை மணியை வைத்து உறையவைப்பது. அந்த முட்டையை வட்டத்தில் கைமாற்றிக் கைமாற்றி, எல்லோருடைய உள்ளங்கைச் சூட்டாலும் கரைப்பது. மணி எப்போது வெளியே வருகிறதோ, எப்போது ஒலிக்கிறதோ, அதுவே வசந்தம் வந்த கணம். தேதி சொல்லாது, தாள் சொல்லாது, மணி சொல்லும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் எத்தனை சிக்கல்! முதல் முறை மணி எடையால் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. பாதி நீரை முதலில் உறையவைத்து, அதன்மேல் மணியைக் கிடத்தி, மீதி நீரை ஊற்றி மறுபடி உறையவைக்க வேண்டும் என்று பழகினேன். அளவு அடுத்த சிக்கல். ஆரஞ்சுப் பழ அளவில் செய்ததை நான்கு பேர் என் வீட்டில் மாற்றி மாற்றிப் பிடித்தோம்; ஒரு மணி நேரம் கழிந்தும் பாதி கரையவில்லை. சுழியப் பாகையில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டி நீராவதற்கே 334 ஜூல் வெப்பம் வேண்டும். கோழிமுட்டையைவிடச் சற்றுப் பெரிய அளவே மனிதக் கைகளுக்கு ஏற்றது என்று ஆறாவது முயற்சியில் தெரிந்தது. இருபது நிமிடம் அளவில் கரைந்தது. சுத்தமான நீரை மட்டும் ஊற்றினால் அழகாக இருந்தது, ஆனால் வெறும் அழகாக இருந்தது. தோட்டத்தில் மக்கிக் கிடந்த சென்ற ஆண்டு இலைத்துணுக்குகள் சிலவற்றைப் போட்டதும் அதற்கு ஒரு முகம் வந்தது.

மணியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கே தெரியாமல் ஒரு நல்லது நடந்தது. நாவு தொங்கும் திறந்த மணி அது. வெளிப்பனி கரைந்து மணி கைக்கு வந்த பிறகும் உள்ளே குழிவில் பனி இருக்கும். நாவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். குலுக்கினால் சத்தம் வராது. இன்னும் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்தால்தான் நாவு இளகும். வீட்டில் முதன்முதலாக அப்படிக் காத்திருந்து அந்தச் சன்ன ஒலியைக் கேட்டபோது, சமையலறையில் தனியாக நின்றவாறே நான் கண் கலங்கினேன். இது வேலை செய்யும் என்று அப்போது தெரிந்துவிட்டது.

மற்றதை எல்லாம் அந்த மணியைச் சுற்றி அமைத்தோம். எட்டுப் பக்கத் தாளை விட்டுவிட்டோம். நான்கு திசைகளை அழைப்பது எங்களில் பலருக்கு முக்கியம், அதை எடுக்க முடியாது. ஆனால் சொல்லால் அழைக்காமல் செயலால் அழைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். கிழக்கில் நின்றவர் குழல் ஊத, தெற்கில் நின்றவர் கண்ணாடிக் கூண்டு விளக்கை ஏற்ற, மேற்கில் ஒரு குடம் நீரைச் சாய்க்க, வடக்கில் நின்றவர் காலால் நிலத்தை மூன்று முறை உதைக்க, இரண்டு நிமிடத்தில் முடிந்தது. நீண்ட துதிகளை எழுதியவருக்கு வருத்தம் இருந்தது. அது நியாயமான வருத்தம், அவற்றை அவர் உழைத்து எழுதியிருந்தார். அவற்றில் மிக நல்ல நான்கு வரியை எல்லோரும் மனப்பாடம் செய்து ஒரே குரலில் சொல்வது என்று வைத்தோம். கையில் தாள் இல்லாதபோது கைகள் வேறு வேலைக்குக் கிடைக்கின்றன. சடங்கு அமைக்கிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்: ஒவ்வொருவர் கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். பார்வையாளராக நிற்பவருக்குக் குளிர் மட்டுமே கிடைக்கும்.

வந்து சேரும்போதே வேலை தொடங்கட்டும் என்று நூல் திரிப்பதைச் சேர்த்தோம். பல்கேரியாவில் மார்ச் முதல் நாள் சிவப்பும் வெள்ளையுமான நூலைத் திரித்து ஒருவருக்கொருவர் கட்டிவிடுவார்கள். மார்த்தெனிட்சா என்று பெயர். ருமேனியா, மால்டோவா, வட மாசிடோனியாவிலும் இந்த வழக்கம் உண்டு. 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எங்கள் குழுவில் பல்கேரியாவில் பிறந்த ஒருவர் இருக்கிறார், அவரே கற்றுத்தந்தார். நூலைத் தனியாகத் திரிக்க முடியாது. எதிரே ஒருவர் மறுமுனையைப் பிடிக்க வேண்டும். அறிமுகம் இல்லாத இருவர் எதிரெதிரே நின்று நூல் முறுக்கும்போது பேசாமல் இருக்க முடியாது என்பதை அன்று கண்டேன்.

அந்த நூலில் எனக்கு மிகப் பிடித்தது அதை அவிழ்க்கும் விதி. குறித்த தேதி கிடையாது. முதல் நாரையையோ பூத்த மரத்தையோ நீங்கள் பார்க்கும் நாளில் அவிழ்க்கிறீர்கள். அதாவது வசந்தம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதில்லை.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் குழுவில் ஒருவர் அந்த ஜனவரியில் கணவரை இழந்திருந்தார். நாற்பது ஆண்டு மணவாழ்க்கை. ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்னால் இந்த ஆண்டு மகிழ முடியாது. நான் வந்தால் உங்கள் சடங்கு கெட்டுவிடும்” என்றார். யாரும் உடனே பேசவில்லை. மகிழ்ச்சியான சடங்கு என்று நாங்கள் பெயர் வைத்ததே ஒருவரை வெளியே நிறுத்திவிட்டது. அன்று இரவு நான் சடங்கின் வரிசையை முதலிலிருந்து மறுபடி பார்த்தேன். துயரத்தில் இருப்பவர் நிற்க இடமில்லாத வட்டத்தில் மகிழ்ச்சிக்கும் இடம் இருக்காது. அங்கே இருப்பது நடிப்பு. அவரைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் மகிழ வேண்டாம். பனியைப் பிடித்துக்கொள்ள வாருங்கள்” என்றேன்.

சடங்கு நாளை மாற்றியதும் ஒரு முக்கிய முடிவு. சம இரவு நாளில் பகலும் இரவும் சமம் என்பது பேச்சுக்குத்தான். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் சில நாட்களுக்கு முன்பே பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. இங்கே அந்த வாரங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம் பகல் கூடுகிறது. அது பெரிய வரம், ஆனால் தோலுக்குத் தெரியாது. மார்ச் 20இல் இங்கே பனிகூடப் பெய்யும். எனவே நாட்காட்டியை விட்டு வேலியைப் பார்ப்பது என்று தீர்மானித்தோம். கருமுள் மரம் இலை விடுவதற்கு முன்பே வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ எங்கள் நிலத்தோரம் தெரிந்த பிறகு வரும் முதல் ஞாயிறு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேகன் நண்பர்கள் செப்டம்பரில் ஒஸ்தாராவைக் கொண்டாடுகிறார்கள். வசந்தம் அவர்களுக்கு அப்போதுதானே. நிலம் சொல்வதைக் கேட்பது என்றால் அதுதான். இங்கிலாந்திலேயே 1752இல் நாட்காட்டியை மாற்றிப் பதினொரு நாட்களை விட்டார்கள். அதிலிருந்து மே முதல் நாளில் பூத்திருக்க வேண்டிய ‘மே மரம்’ (ஹாதார்ன்) பல இடங்களில் அந்த நாளுக்குப் பூப்பதே இல்லை. விழா நாட்காட்டியோடு போய்விட்டது, பூ தன் போக்கில் நின்றுவிட்டது.

அந்த ஆண்டு கருமுள் ஏப்ரல் தொடக்கத்தில் பூத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி, மெல்லிய தூறல். இருபத்திரண்டு பேர் வந்தார்கள். நூல் திரித்தோம், ஒருவர் மணிக்கட்டில் ஒருவர் கட்டினோம். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு மணியோ கிலுகிலுப்பையோ இருந்தது, சிலர் கரண்டியும் தட்டும் கொண்டுவந்திருந்தார்கள். பனிமணி ஒலிக்கும்வரை எதுவும் ஒலிக்கக் கூடாது என்பது கட்டளை. குழந்தைகள் சட்டைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற காட்சியே ஒரு விழாவாக இருந்தது.

திசைகளை அழைத்தோம், நான்கு வரி சொன்னோம், பனிமுட்டை புறப்பட்டது. பெற்றுக்கொள்கிறவர் இந்தக் குளிர்காலத்தில் எதை விட்டுவிட விரும்புகிறாரோ அதை அதனிடம் சொல்ல வேண்டும். சத்தமாகவும் சொல்லலாம், மனத்துக்குள்ளும் சொல்லலாம். தாங்க முடியாதபோது அடுத்தவரிடம் தர வேண்டும். குழந்தைகள் பத்து எண்ணும்வரை பிடித்தால் போதும். சக்கர நாற்காலியில் வந்த மூத்தவருக்கு மூட்டுவாதம், பனியைத் தொட முடியாது. அவர் அதன்மேல் வாயால் ஊதினார். மூன்று நீண்ட மூச்சு. அது எங்கள் திட்டத்தில் இல்லை, அவரே கண்டுபிடித்தார். அதன்பின் பலர் பிடித்தும் ஊதியும் கொடுத்தார்கள்.

ஒருவர் கடனைப் பற்றிச் சொன்னார். ஒருவர் அண்ணனோடு போட்ட சண்டையைச் சொன்னார். பலர் ஒன்றும் சொல்லவில்லை. கணவரை இழந்தவரிடம் முட்டை போனது. வாங்கி இரு கைகளாலும் மூடிக்கொண்டார். கொடுக்கவில்லை. விரல்கள் சிவந்து நீர் சொட்டத் தொடங்கியது, அப்போதும் கொடுக்கவில்லை. எத்தனை நிமிடம் என்று தெரியாது. தூறல் இலைமேல் விழும் ஓசை மட்டும் கேட்டது. அடுத்து நின்ற பெண் முட்டையை வாங்கக் கை நீட்டாமல், அவர் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் குவித்து வைத்துச் சொட்டுகிற நீரை ஏந்திக்கொண்டார். பிறகு அவராகவே கொடுத்தார்.

இரண்டாம் சுற்றில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கையில் பனி பிளந்தது. தாய் வற்புறுத்தி அழைத்துவந்த பையன், அதுவரை ஓரமாக நின்றவன். மணி அவன் உள்ளங்கையில் கிடந்தது. குலுக்கினான். ஓசை இல்லை. இருபத்திரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தோம். அவன் நெற்றி சுருங்கியது. மணியை வாயருகே கொண்டுபோய் மெதுவாக ஊதினான், கைக்குள் மூடினான், மறுபடி ஊதினான். அந்த நேரத்தில் அவனைவிட அக்கறையான பூசாரி உலகில் எங்கும் இருந்திருக்க முடியாது. பிறகு கையை உயர்த்தி ஆட்டினான். ஒரு கிண்.

அதற்கு அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல இயலவில்லை. தட்டும் கரண்டியும் மணியும் கிலுகிலுப்பையும் ஒரே நேரத்தில் வெடித்தன. யாரோ கூவினார்கள், யாரோ ஆடினார்கள், நாய் ஒன்று வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. திட்டப்படி ஒரு நிமிடம் மட்டும் ஒலி எழுப்ப வேண்டும், வேலிப் பறவைகளுக்காக. நிறுத்தச் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மூத்தவர்தான் கையைத் தூக்கி அடக்கினார்.

பிறகு குழந்தைகள் முன்னே போக, எல்லோரும் வசந்தத்தைத் தேடிப் போனோம்: கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று கண்டுபிடிக்க வேண்டும், பறிக்கக் கூடாது, வந்து சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு கேள்வி கேட்ட சிறுமி ஓடிவந்து தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். ஓடைக்கரை ஈரத்தில் பளபளக்கும் இதழ்களோடு ஒரு சின்ன மஞ்சள் பூ. அவள் மண்டியிட்டு, தொடாமல், மூக்கு படும் அளவுக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு, “இதோ இருக்கிறது, நானே பார்த்தேன்” என்றாள். திரும்பி வந்து ரொட்டியும் தேனும் ஆப்பிள் சாறும் பகிர்ந்துகொண்டோம். முதல் துண்டையும் முதல் வாய்ச் சாற்றையும் நிலத்துக்கு விட்டோம்.

நூலை அவரவர் தம் வசந்தத்தைப் பார்த்த நாளில் அவிழ்ப்பது என்று சொல்லிப் பிரிந்தோம். மரத்தில் கட்ட வேண்டாம், பறவைகளின் காலில் சிக்கும். கம்பளி நூல் என்பதால் மண்ணில் புதைத்தால் மக்கிவிடும். அன்று மாலையே பலர் புதைத்துவிட்டார்கள். நான் அடுத்த வாரம் புதைத்தேன்.

மே மாதம் கூடியபோதும் கணவரை இழந்தவரின் மணிக்கட்டில் சிவப்பும் வெள்ளையும் இருந்தது, சற்றே நிறம் மங்கி. யாரும் கேட்கவில்லை. ஜூன் இறுதியில் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். கை வெறுமையாக இருந்தது. என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு அவரே சொன்னார்: “அவர் வைத்த ரோஜாவின் அடியில் புதைத்தேன். அது இன்னும் பூக்கவில்லை. பூக்கட்டும் என்றுதான் காத்திருந்தேன், பிறகு ஒருநாள் காலையில் களை எடுக்க உட்கார்ந்தபோது நூல் சேறாகிவிடுமே என்று கழற்றினேன். கழற்றிய பிறகு மறுபடி கட்டத் தோன்றவில்லை.”